காரைக்குடியிலேயே பல்கலைக்கழகம் இருக்க, சேப்பாக்கம் எதற்கு?

ஆச்சி அவர்களுக்கு வணக்கம்.

கணிதத்தில் இளங்கலை முடித்த மகள், முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளத்தூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கும்போது, நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெண் பிள்ளையை எதற்கு அனுப்ப வேண்டும் என்று அப்பத்தா முதற்கொண்டு வீட்டில் எல்லோரும் கேட்பதாகவும் சொல்கிறீர்கள். நியாயமான கேள்வி. "சென்னை பெரிய ஊர், அங்கே போனால் நல்லது" என்ற பதிலை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, நானும் ஏற்பதில்லை. ஊரைப் பார்த்து, பெயரைப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை போனதைப் பார்த்துப் பல்கலைக்கழகம் தேர்ந்தெடுத்தவர்கள் முதல் பருவத் தேர்வு முடிவதற்குள் தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டருகே இருப்பதைக் குறைத்து எண்ண வேண்டாம். 1985இல் தொடங்கிய அழகப்பா பல்கலைக்கழகம் 2017இல் தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக்கிடம் ஏ ப்ளஸ் தகுதி பெற்றது. மகளின் நோக்கம் அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணி என்றால், எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வை எழுத வேண்டும்; இரண்டு படிப்பையும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு காரைக்குடியிலேயே முடித்துவிடலாம். அந்த வழிக்குச் சென்னை கூடுதலாகத் தருவது சொற்பம். அப்படியானால் அனுப்ப வேண்டாம் என்றே உங்களிடம் சொல்லியிருப்பேன்.

ஆனால் மகள் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு நோட்டைக் கொண்டுவந்திருந்தார். நான்கால் வகுத்தால் மூன்று மீதி வரும் பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதை பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிடின் வழியில் நிறுவியிருந்தார். அது பாடத்தில் உள்ளதுதான். அடுத்த பக்கத்தில் ஒன்று மீதி வரும் பகா எண்களுக்கும் அதே வழியை முயன்று, பாதியில் நின்று, ஓரத்தில் "இங்கே மட்டும் ஏன் ஓடவில்லை?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, மூன்று மீதி வரும் இரண்டு எண்களைப் பெருக்கினால் ஒன்று மீதி வரும் எண் கிடைத்துவிடுகிறது, அங்கேதான் வாதம் உடைகிறது என்று தானே கண்டுபிடித்தும் எழுதியிருந்தார். தேர்வில் யாரும் கேட்காத கேள்வி இது. வாதம் எங்கே உடைகிறது என்று தேடிப் போகிற பிள்ளைக்கு ஆராய்ச்சிப் படிப்பு பொருந்தும் என்பது என் கருத்து. இந்தப் பரிந்துரை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

ஆராய்ச்சி என்று முடிவானால், ஊரைவிடத் துறையே முக்கியம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டது; 1913இல் ராமானுஜனுக்கு மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும் அதுவே. மகள் சேர விரும்பும் துறை, சேப்பாக்கத்தில் உள்ள ராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனம். அப்பத்தாவிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: அதன் மூல நிறுவனத்தை 1950இல் சென்னையில் தம் பொருளைக் கொண்டு தொடங்கியவர் நம் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். மின்வேதியியல் ஆய்வகத்துக்காகக் காரைக்குடியில் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்த அதே வள்ளல்தான். இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டியிடம் பயின்ற தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநராக இருந்தார். 1957இல் செட்டியார் மறைந்த ஆண்டிலேயே பல்கலைக்கழகம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது; 1967இல் கணிதத் துறையோடு இணைந்து இன்றைய வடிவம் பெற்றது. செட்டிநாட்டுப் பணத்தில் முளைத்த இடத்துக்குச் செட்டிநாட்டுப் பெண் படிக்கப் போவதில் எனக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சிக்காக அனுப்புங்கள் என்று சொல்ல மாட்டேன்.

அனுப்பச் சொல்வதற்கான வலுவான காரணம், அந்தத் துறையைச் சுற்றி இருப்பவை. சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறினால் அதே தடத்தில் கோட்டூர்புரம் வருகிறது. அங்கே அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இன்னும் சில நிலையங்கள் தாண்டினால் தரமணி. அங்கே 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம். கிண்டி பக்கம் ஐ.ஐ.டி., சிறுசேரியில் சென்னைக் கணிதக் கழகம். இந்த நிறுவனங்களில் ஆண்டு முழுவதும் கணிதச் சொற்பொழிவுகள் நடக்கின்றன. அவற்றில் பலவற்றை வெளி மாணவர்களும் போய்க் கேட்க முடியும். முதல் ஆண்டில் பத்தில் இரண்டு புரிந்தாலே போதும். எந்தக் கேள்விகள் இன்று உயிரோடு இருக்கின்றன, யார் எதில் வேலை செய்கிறார்கள், எந்தப் பேராசிரியரிடம் பி.எச்டி. செய்யலாம் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலிருந்து தெரியாது; பேச்சு முடிந்தபின் தேநீர் குடிக்க நிற்கும் நேரத்தில்தான் காதில் விழும். காரைக்குடியில் இருந்துகொண்டு இணையவழியில் விரிவுரைகளைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எதிரே நின்று கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் அந்த வழியில் வராது. ஒருகாலத்தில் நம் வீடுகளில் சிறு பையன்களைத் தொழில் பழகட்டும் என்று பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேற்றி அனுப்பியதும் இதற்காகத்தானே? கணக்கு எழுத வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருக்கலாம். வியாபாரம் நடக்கும் இடத்தில் இருந்தால்தான் வியாபாரம் படியும் என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதி நெருக்கடியும் செய்தித்தாள்களில் வந்ததுதான். ஆகவே பழம்பெருமையை நம்பிச் சேர்க்காதீர்கள். துறையின் இணையப் பக்கத்தில் இப்போது பணியில் இருக்கும் பேராசிரியர்கள் எத்தனை பேர், அவர்கள் அண்மையில் என்ன ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள் என்று மகளையே பார்த்து எழுதச் சொல்லுங்கள். பிறகு விடுமுறையில்லாத ஒரு வேலை நாளில் இருவரும் நேரில் போய் வாருங்கள். அலுவலகத்தில் விசாரிப்பதைவிட, இரண்டாம் ஆண்டு மாணவிகள் இருவரிடம் தனியே பேசுவது பயன் தரும். வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா, அல்ஜீப்ராவும் ரியல் அனாலிசிஸும் நடத்துவது நிரந்தர ஆசிரியரா கௌரவ விரிவுரையாளரா, போன ஆண்டு முடித்தவர்களில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் யார் தேர்ச்சி பெற்றார்கள், யார் ஆராய்ச்சிக்குப் போனார்கள் என்று கேளுங்கள். அழகப்பாவிலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். பதில்கள் காரைக்குடிப் பக்கம் சாய்ந்தால் தயங்காமல் இங்கேயே சேருங்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் உங்களைத் திணறடிக்காது. விடுதி, சாப்பாடு, போக்குவரத்துதான் பெருஞ்செலவு. அம்பத்தூரிலோ தாம்பரத்திலோ சொந்தக்காரர் வீட்டில் தங்க வைத்தால் பணம் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ரயிலில் போனால், நான் மேலே சொன்ன சொற்பொழிவுகள் எதற்கும் அவரால் போக முடியாது. இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலையே மிஞ்சும். அப்படித் தங்க வைப்பதானால் சென்னைக்கு அனுப்பும் காரணமே போய்விடும். பல்கலைக்கழக விடுதி, அது கிடைக்காவிட்டால் திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பக்கம் நம்பகமான பெண்கள் விடுதி என்று பாருங்கள். ஊருக்கு வர பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதிகாலையில் காரைக்குடியில் புறப்பட்டால் நண்பகலில் எழும்பூர், பிற்பகலில் எழும்பூரில் ஏறினால் இரவு வீடு.

இப்போது செய்ய வேண்டியவை இவை. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பியுங்கள். சென்னையின் முடிவு தாமதமானால் அழகப்பாவில் இடத்தைப் பிடித்து வைத்திருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி குறித்த தேதிக்குள் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்தத் தேதியை மட்டும் சேர்க்கைக் கையேட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் விதிதான். மாற்றுச் சான்றிதழை மட்டும் சென்னையில் விடுதி இடம் எழுத்தில் உறுதியாகும் வரை எங்கும் ஒப்படைக்க வேண்டாம். அப்பச்சிக்குச் சந்தேகம் ஏதேனும் மீதமிருந்தால், சென்னைக்குப் போய்வந்த பிறகு மூவரும் ஒரு மாலை வாருங்கள். மாணவிகள் சொன்ன பதில்களை எழுதி எடுத்து வந்தால் உட்கார்ந்து பேச வசதியாக இருக்கும்.