தட்டைப்புழு தானே கொழுப்பு தயாரிக்காது என்றால், அதற்கு எங்கிருந்து கிடைக்கிறது?

கேள்வி கேட்ட நீங்கள் மன்னார்குடிப் பக்கம் மாடு வளர்ப்பதாகச் சொன்னீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். வாய்க்கால் கரைப் புல்லோடு மாட்டுக்குள் போகும் ஈரல் தட்டைப்புழு (நத்தை வழியாகப் பரவுகிறதே, அதுதான்) கொழுப்பு அமிலத்தைப் புதிதாக உண்டாக்கும் திறன் இல்லாதது, மாட்டிடமிருந்து எடுத்தே ஆக வேண்டும். சரி, கொழுப்புதான் தண்ணீரில் கரையாதே, செல்லுக்குள் எப்படிச் சுமப்பது?

அதற்குத்தான் கொழுப்பு அமிலம் பிணைக்கும் புரதங்கள். சுமார் 130 அமினோ அமிலங்கள் (புரதத்தைக் கோக்கும் மணிகள்), எடை 14-15 கிலோடால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு), அவ்வளவுதான், சின்னப் புரதம். மீனுக்குப் போடும் பறியை நினைத்துக்கொள்ளுங்கள்: புரதச் சங்கிலியின் நீண்ட பட்டைப் பகுதிகளான பத்து பீட்டா இழைகள் எதிரெதிராக வளைந்து கூடை மாதிரி ஆகின்றன, வாயில் ஸ்பிரிங் மாதிரிச் சுருண்ட இரண்டு குட்டி ஆல்ஃபா சுருள்கள் மூடியாக, உள்ளே கொழுப்பு அமிலம்.

வேடிக்கை என்னவென்றால், நம் இதயத் தசையிலும் குடலிலும் உள்ள இவ்வகைப் புரதங்களுக்கும் இதே கூடை வடிவம்தான். மாட்டிடம் திருடிய மரபணுவோ என்று தோன்றும், அப்படி இல்லை. நம் வம்சமும் புழு வம்சமும் பிரிவதற்கு முன்பே இருந்த குடும்பம். அமினோ அமில வரிசை எவ்வளவோ மாறியும் வடிவம் மாறவில்லை.

தட்டைப்புழு இனத்தையே சேர்ந்த நாடாப்புழுக்கள் இன்னும் கெட்டிக்காரத்தனம். ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி உண்டாக்கும் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவிடம் ஆன்டிஜன் பி என்று கொழுப்பு சுமக்கும் புரதம் தனி ரகம், 8 கிலோடால்டன் துண்டுகள், ஆல்ஃபா சுருள்கள்தான், கூடையே கிடையாது. இந்தக் குடும்பம் நாடாப்புழுக்களுக்கே உரியது, மரபணுவும் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது.

அப்புறம், மனிதரின் ரத்தக் குழாயில் வாழும் ரத்தத் தட்டைப்புழுவின் எஸ்எம்14 என்ற கூடைப் புரதத்தை வைத்துத்தான், அந்தப் புழுவுக்கு எதிரான தடுப்பூசிக்கு பிரேசிலின் ஃபியோகுரூஸ் என்ற சுகாதார ஆய்வு நிறுவனம் முயற்சி செய்கிறது.