கவின் கலை படிக்கும் தம்பிக்கு: அந்த இடது தோளைப் பற்றி

தம்பிக்கு,

சனிக்கிழமை நீயும் அப்பாவும் வந்துவிட்டுப் போனதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது. அன்று நான் சரியாகப் பேசவில்லை. அப்பா பக்கத்தில் இருந்ததால் நீ பாதியை விழுங்கிவிட்டாய். நீ இருந்ததால் அவரும் பாதியை விழுங்கிவிட்டார். திருத்துறைப்பூண்டி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீ ஒன்று சொன்னாயே, முக்கால் மணி நேரம் பேசியதைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நீ சொன்ன குறைகள். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, வண்ணக்கலை. ஆறு மாதமாகத் தூரிகையைத் தொடவே மனசு வரவில்லை. கூடப் படிக்கிறவர்களின் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வயிறு எரிகிறது. "எனக்குன்னு ஒரு ஸ்டைல் இல்லை சார்" என்று மட்டும் நாலு தடவை சொன்னாய். வீட்டுச் செலவுக்காக ராத்திரியில் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்ப்பதைச் சொல்லும்போது குரலே இறங்கிப்போனது. "படிக்கிறது ஓவியம், பார்க்கிறது கண்ணீர் அஞ்சலி பேனர்" என்றாய்.

நீ விரித்துக் காட்டிய பதினோரு கேன்வாஸையும் நிதானமாகப் பார்த்தேன். உன் மனசு நோகும் என்று தெரிந்தே சொல்கிறேன். கை சுத்தமான கை. வண்ணம் கலப்பது தெரிகிறது. ஆனால் கோபுரம், ஓடுகிற குதிரை, பாதி முகம் பாதி இலையாக ஒரு பெண் என்று அத்தனையும் ஏற்கெனவே யாரோ பார்த்துவிட்ட படங்கள். நீ உன் கண்ணால் பார்த்தது என்று அதில் ஒன்றுகூட இல்லை. ஆறு மாதமாகக் கை ஓடாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உனக்குத் திறமை தீர்ந்துபோகவில்லை. அடுத்தவர் பார்த்ததையே வரைந்து வரைந்து உன் கைக்கு அலுத்துவிட்டது.

இப்போது வாசலில் சொன்னதற்கு வருகிறேன். போன மாசம் ஒரு பெரியவர் இறந்துபோய், அவர் வீட்டம்மாவும் மகனும் கடைக்கு வந்தார்கள் என்றாய். கையில் இருந்த ஒரே படம் கல்யாண வீட்டு குரூப் போட்டோ. வழக்கமாக என்ன செய்வீர்கள்? தலையை மட்டும் வெட்டி, கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிற ஒரு கோட்டு-சூட்டு உடம்பில் ஒட்டிவிடுவீர்கள். முதலாளியும் அப்படித்தான் செய்யச் சொன்னார். அந்த அம்மா, "அவர் ஆயுசுல கோட்டு போட்டதில்லை தம்பி" என்றார்களாம். அதனால் வேட்டி, துண்டோடு உடம்பை நீயே வரைந்தாய். வரையும்போது அந்த மகனிடம் கேட்டாய், அப்பா என்ன வேலை பார்த்தார் என்று. மூட்டை தூக்கினார் என்றான். போட்டோவை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாய். இடது தோள் இறங்கியிருந்தது. அதை நிமிர்த்தாமல் அப்படியே இறக்கி வரைந்தாய். பேனரைப் பிரித்ததும் அந்த அம்மா முகத்தைத் தொடவில்லை, அந்தத் தோளைத்தான் தொட்டார்கள் என்று சொல்லிவிட்டு, "சரி சார், வர்றேன்" என்று போய்விட்டாய்.

தம்பி, அங்கே நீ பார்த்த வேலைக்குப் பெயர் உருவப்படம். உன் கல்லூரியில் பாடமாக வைத்துச் சொல்லித் தருகிற அதே வேலை. அதைச் சின்ன வேலை என்று உனக்கு யார் சொன்னார்கள்?

கும்பகோணத்திலிருந்து கோனேரிராஜபுரம் ரொம்ப தூரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வா. பெரிய நடராஜரைப் பார்க்க எல்லாரும் போகிற கோயில்தான். பழைய பெயர் திருநல்லம். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி, இறந்துபோன தன் கணவன் கண்டராதித்தர் பெயரால் எழுப்பிய கற்றளி, அதாவது கல் கோயில் அது. கருவறையின் தென்புறச் சுவரில் சின்னதாக ஒரு சிற்பம் இருக்கும், கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதுபோல. இவர்தான் கண்டராதித்தர் என்று சொல்லும் கல்வெட்டும் கூடவே இருக்கிறது. உருவம், அதனுடன் பெயர், செய்யச் சொன்னது மனைவி. அந்தச் சிற்பி செய்ததையும் நீ செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பார். கல்லுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் ஆயுள் வேறு, அது எனக்கும் தெரியும். ஆனால் வந்து நின்று கேட்டவர்களின் தேவை ஒன்றுதான். போனவர் போனவராகவே தெரிய வேண்டும்.

ஸ்டைலைப் பற்றி இனிமேல் கேட்காதே. மூன்றாம் ஆண்டில் அது வேண்டியதில்லை. அதற்குப் பதிலாக ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் விடாமல் வரை. என்ன விஷயம் என்று நானே சொல்லிவிடுகிறேன். வேலை ஏறின உடம்புகள். உங்கள் ஊர்ப் பக்கம் சம்பா அறுவடை முடிந்து நெல் வரும்போது கொள்முதல் நிலையத்துக்குப் போ. நாற்பது கிலோ மூட்டையைச் சுமக்கிறவர்கள் மூட்டையை வாங்கும்போது கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, இறக்கினபிறகு எவ்வளவு நேரம் அப்படியே நிற்கிறது என்று பார். நடவுக்குப் போகிற உங்கள் அம்மா கரையேறி இடுப்பை நிமிர்த்துகிற அந்த ஒரு நொடியைப் பிடி. மதகுக் கட்டையில் உட்கார்ந்து, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்க்கிறவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்று பார். உன் வகுப்பில் இதையெல்லாம் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வரைவதற்கு முன்னால் அவர்களிடம் கேட்டுவிட்டு வரை. அந்த மகனிடம் கேட்ட மாதிரியே வேலையைப் பற்றியும் கேள்.

கேன்வாஸில் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். அக்ரிலிக்கும் கேன்வாஸும் விற்கிற விலைக்கு, வீணாகிவிடுமோ என்ற பயத்திலேயே கை கட்டிப்போகும். உனக்கு மனசு வராததில் பாதி இந்தப் பயம்தான் என்று எனக்குச் சந்தேகம். மலிவான பழுப்புத் தாள் வாங்கு, கரித்துண்டு போதும். ஒரு நாளைக்கு மூன்று தாள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் முடித்துவிடு, ராத்திரி கடையிலிருந்து வந்து வரையலாம் என்று தள்ளிப்போடாதே. நன்றாக வந்ததா என்று ஒரு மாதத்துக்குத் திருப்பியே பார்க்காதே, தேதி போட்டுக் கட்டில் அடியில் வைத்துவிடு. அப்புறம் எடுத்து ஆசிரியர் ஒருவரிடம் காட்டு. வரைந்த ஆளைத் தெரிந்த இன்னொருவரிடமும் காட்டு. "அட, இது நம்ம பெரியப்பா" என்று அவர் சொல்கிறாரா, பார். லைக்கைவிட அது உனக்கு உபயோகப்படும்.

நடுவில் ஒரு நாள் சுவாமிமலைக்குப் போய் ஒரு பட்டறையில் உட்கார். சிலைக்கு அளவு எடுக்கத் தென்னங்கீற்றை மடித்து மடித்து வைத்துக்கொள்வார்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார்கள். சிற்பம் படிக்கவில்லையே என்று யோசிக்காதே. தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள கணக்கு அந்தக் கீற்றின் மடிப்பில் இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கும் ஒரு நோட்டோடு போ. அங்கே நிற்கிற செப்புத் திருமேனிகளில் முகத்தை விட்டுவிட்டு, முதுகை மட்டும் வரைந்து பார்.

ஏஐ பற்றி நீ கேட்டதற்கு அன்று நான் மழுப்பிவிட்டேன். நிமிடத்தில் படம் வந்துவிடுகிறது, இனி நான் எதற்கு என்று கேட்டாய். பயம் நியாயமானதுதான். பேனர் வேலையில் கணிசமான பகுதி போகத்தான் போகிறது. ஆனால் உன் முதலாளி போனில் இருக்கிற ஆப்பில் போட்டால் முகம் வழவழவென்று வந்து, "இது எங்க அப்பாவே இல்லை" என்று வீட்டார் திருப்பி அனுப்பினதை நீயேதான் சொன்னாய். அந்த ஆப் தோளை நிமிர்த்திவிடும். தோள் ஏன் இறங்கியிருக்கிறது என்று அது மகனிடம் கேட்காது.

தூக்கம் மூன்று மணிக்குத்தான் வருகிறது, சாப்பாடு பிடிக்கவில்லை என்றும் சொன்னாய். ராத்திரி வேலையால் என்றால் கடையில் நேரத்தைக் குறைத்துக் கேள். அதையும் தாண்டி மனசு கனமாகவே இருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. வெட்கப்படாதே.

இனி அப்பாவுக்குக் கொஞ்சம். இதை அவரிடம் படித்துக் காட்டு.

ஐயா, "டிப்ளமோ சிவில்ல போட்டிருந்தா இந்நேரம் ஒரு வேலையில இருப்பான்" என்றீர்கள். தண்ணீர் வருமா வராதா என்று வருஷா வருஷம் மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில், மகனுக்காவது மாசாமாசம் வருகிற வருமானம் வேண்டும் என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் இவன் படிப்பது நான்கு வருடப் பட்டப்படிப்பு. பட்டம் கேட்கிற எந்த டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் அறிவிக்கையைப் பார்த்து விண்ணப்பிக்கலாம், அந்தக் கதவு மூடவில்லை. மேலே முதுகலை படித்து, யு.ஜி.சி. நெட் தேர்வைக் காட்சிக்கலைப் பாடத்தில் எழுதினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போகலாம். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைக்கு அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். வந்தால் எழுதட்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இவனுக்கு நான் முதலில் சொல்வது சி.இ.இ.டி. தேர்வு. ஐஐடி பாம்பே நடத்துகிறது. ஐஐடிகளில் வடிவமைப்பு முதுகலை சேருவதற்கான தேர்வு, கவின் கலைப் பட்டதாரிகளும் எழுதலாம். கணக்கு, அறிவியல் என்று பயப்பட வேண்டாம், அதில் ஒரு பகுதி கையால் வரைவதுதான். வழக்கமாக அக்டோபரில் விண்ணப்பம், ஜனவரியில் தேர்வு. அடுத்த வருடம் கடைசி ஆண்டில் இருக்கும்போதே எழுதட்டும். ஒரு தடவை தவறினாலும் மறுபடி எழுதலாம். உருவத்தைக் கவனித்து வரைகிற கைக்கு அனிமேஷன், குழந்தைகள் புத்தகம், பாடநூல் படம் என்று வேலை இருக்கிறது. சென்னைக்குப் போகாமல் முடியாது என்று முன்பு இருந்த நிலையும் இப்போது இல்லை. மத்தியக் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு இரண்டு வருடம், மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. ஓவியம், சிற்பமும் அதில் உண்டு. அறிவிப்பு வந்ததும் போடச் சொல்லுங்கள். கிடைத்தால் ஃப்ளெக்ஸ் கடை ராத்திரிகளில் பாதி மிச்சம்.

தம்பி, மறுபடி உனக்கு. கைத்தொழிலில் சம்பாதித்தால் கலைஞன் இல்லையா என்று உனக்கு ஒரு உறுத்தல் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல் தொடங்கியது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரோடு சேர்ந்த மற்ற ஓவியர்கள் பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில்தான் அந்த நிலத்தையே வாங்கினார்கள். தஞ்சாவூரில் 1924-ல் பிறந்த ஓவியர் கோபுலு, உன் கல்லூரி ஓவியப் பள்ளியாக இருந்தபோது அங்கே படித்தவர். வார இதழ்களுக்கு வரைந்தார், பிறகு விளம்பரத் துறையில் வேலை பார்த்தார். அவர் வரைந்த மாமிகளும் வித்வான்களும் நம் ஊர்த் தெருவில் நடந்து போகிறவர்கள்தான். அவர்கள் உட்காருகிற விதத்தைக் கவனித்த கண் அவருடையது. சம்பளம் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. நீயும் கடை வேலையை விட வேண்டாம். ஆனால் கோட்டு-சூட்டு உடம்பு ஒட்டுகிற வேலைக்கு ஒரு விலை, ஆளைக் கேட்டு வரைகிற வேலைக்கு ஒரு விலை என்று முதலாளியிடம் பேசு. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் தனியாகவே செய்யலாம். ஃப்ளெக்ஸில் இல்லாமல் தாளில் வரைந்து, சட்டம் போட்டுக் கொடுத்தால் வருஷாந்திரத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது. நான் விசாரித்தேன், எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு கேட்கிறார்கள்.

கல்லூரியில் இந்த வருடக் கண்காட்சிக்கு என்ன வைப்பது என்றும் குழம்பிக்கொண்டிருந்தாய். குதிரையை வைக்காதே. கரித்தாள்களில் முப்பதைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அந்த ஆளின் பெயர், ஊர், வேலை மட்டும் எழுதி, சுவரில் வரிசையாக ஒட்டு. கொச்சியில் பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியோடு சேர்த்து மாணவர்களுக்கென்று தனியாக ஒரு பினாலே நடக்கிறது, கலைக் கல்லூரி மாணவர்களின் படைப்புகளை எடுக்கிறார்கள். அடுத்து அழைப்பு வரும்போது இதையே அனுப்பலாம். உன் ஆசிரியர்களிடம் இப்போதே சொல்லி வை.

சனிக்கிழமைகளில் பத்து மணிக்கு மேல் நான் இங்கேதான் இருப்பேன். அடுத்த மாதம், முதல் கட்டுத் தாளைத் தூக்கிக்கொண்டு வா, எண்பதோ தொண்ணூறோ எத்தனை சேர்ந்திருந்தாலும் சரி. வரும்போது கடைக் கம்ப்யூட்டரில் அந்தப் பேனரின் ஃபைல் இருந்தால், அந்த வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பென்டிரைவில் எடுத்துவா. அந்தத் தோளை நான் பார்க்க வேண்டும்.