அது சீனப் பழமொழியே இல்லை

கேள்வி: “ஒரு படம் பத்தாயிரம் சொற்களுக்குச் சமம்” போன்ற சீனப் பழமொழிகளை வாரம் ஒன்றாகப் பெட்டிச் செய்தியில் போடலாமே? அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படுமே!

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் காட்டிய உதாரணத்தைப் போட மாட்டோம்; அது சீனப் பழமொழியே இல்லை. டிராம் வண்டிகளில் படம் போட்டு விளம்பரம் செய்யுங்கள் என்பதற்காக, பிரெட் பர்னார்ட் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் தொழில் இதழ் ஒன்றில் எழுதிய வாசகம். 1921இல் ஜப்பானியத் தத்துவஞானி சொன்னது என்றார். 1927இல் சொல்லைச் சற்று மாற்றி, சீனப் பழமொழி என்று போட்டுவிட்டார்.

சீனர்களிடம் இருப்பது, “நூறு முறை கேட்டாலும் ஒருமுறை பார்த்ததற்கு ஈடாகாது” என்பது. கி.மு. 61இல் மேற்கெல்லையில் சியாங் மக்கள் கிளர்ந்தபோது, எவ்வளவு படை வேண்டும் என்று ஹான் பேரரசர் சுவான் கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய தளபதி ஜாவ் சோங்குவோ சொன்ன பதில் இது. இங்கே உட்கார்ந்து கணக்குப் போட முடியாது, நேரில் போய்ப் பார்த்துத் திட்டம் வரைந்து அனுப்புகிறேன் என்றார். படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சீனத்தில் ‘செங்யு’ என்று நான்கெழுத்துத் தொடர்கள் உண்டு. பலவற்றுக்குள் ஒரு கதையே அடங்கியிருக்கும். கதை தெரியாவிட்டால் வெறும் நான்கு சொல்தான். ‘யா மியாவ் ஜு ஜாங்’: இழு, பயிர், உதவு, வளர். மனத்திண்மையை வளர்ப்பது பற்றி மாணவரிடம் பேசும்போது பழஞ்சீனத் தத்துவஞானி மென்சியஸ் சொன்ன கதை. பயிர் வளரவில்லையே என்று கவலைப்பட்ட சோங் நாட்டான் ஒருவன், ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே இழுத்துவிட்டான். “இன்று களைத்துவிட்டேன், பயிர் வளர உதவினேன்” என்று வீட்டில் சொல்ல, மகன் ஓடிப்போய்ப் பார்த்தான். எல்லாம் வாடிக் கிடந்தது. வாடாமல் என்ன செய்யும்? இழுத்த இழுப்பில் மண்ணைப் பற்றிய வேர்த்தூவிகள் அறுந்துபோகும். இலை நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், உறிஞ்சிக் கொடுக்கக் கீழே ஆளில்லை.

இன்றும் சின்னப் பிள்ளைக்கு வயதுக்கு மீறிய பாடத்தைத் திணிக்கும் பெற்றோரைச் சீனர்கள் இந்தத் தொடரால்தான் கண்டிக்கிறார்கள். ஆனால் மென்சியஸ் அதோடு விடவில்லை. பயனில்லை என்று கைவிடுபவனையும், களை எடுக்காதவன் என்று சேர்த்தே கடிந்தார். பெட்டிச் செய்திகளில் காணாமல் போவது இந்தப் பாதிதான்.

யார், யாரிடம், எதற்காகச் சொன்னது என்ற விவரத்தோடு அனுப்புங்கள். பெட்டி கொஞ்சம் பெரிதானாலும் இடம் ஒதுக்குகிறோம்.