வீட்டுக்குள் ஓர் அறுவடைத் திருநாள்: மேபன் கேள்வி-பதில்

பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண் தன்னைப் ‘பேகன்’ என்கிறார். செப்டம்பரில் மேபன் விருந்துக்கு அழைத்திருக்கிறார். இது என்ன விழா?
– வாசகி, லெஸ்டர்

கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாடுகளை இன்றைய வாழ்க்கைக்குள் கொண்டுவருபவர்கள் தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களின் ஆண்டுச் சக்கரத்தில் எட்டு விழாக்கள். ஆகஸ்ட் 1 லாமஸ், தானியத்துக்கு. செப்டம்பரில் சம இரவு பகல் நாளில் வருவது மேபன், பழங்களுக்கு. 2026-இல் அந்தக் கணம் செப்டம்பர் 23, லண்டன் நேரப்படி அதிகாலை 1.05. புதன்கிழமை என்பதால் பலர் அந்த வார இறுதிக்குத் தள்ளிக்கொள்வார்கள், அதில் குற்றமில்லை.

மேபன் என்ற பெயர் 1970-களில் அமெரிக்கரான ஏடன் கெல்லி வைத்தது. பிறந்த மூன்றாம் இரவே தாயிடமிருந்து களவுபோன வேல்ஸ் பழங்கதைப் பிள்ளையின் பெயர் அது. பெயர்தான் புதிது. கடைசி வண்டிக் கதிர் களத்துக்கு வந்ததும் ஊரே கூடி உண்ணும் ‘ஹார்வெஸ்ட் ஹோம்’ இங்கிலாந்தில் மிகப் பழைய வழக்கம்.

விருந்துக்கு என்ன கொண்டுபோகலாம்?
– அதே வாசகி

ஆப்பிள், பிளாக்பெர்ரி கிரம்பிள்; பழத்தின் மேல் உதிரி மாவு தூவிச் சுடும் இனிப்பு. புளிப்பு ஆப்பிள் 600 கிராம், பிளாக்பெர்ரி 200, சர்க்கரை 60, சோளமாவு (கார்ன்ஃபிளார்) ஒரு மேசைக்கரண்டி. மேல்மாவுக்கு மைதா 175 கிராம், வெண்ணெய் 110, சர்க்கரை 75. வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்க வேண்டும்; விரல் நுனியால் உதிர்த்துப் புட்டு மாவுப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் இளகி, மாவு சப்பாத்தி உருண்டையாகிவிடும். பழத்தின் மேல் தூவி, ஓவனில் 190 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். சோளமாவை விட்டுவிட்டால் பழச்சாறு மேலே பொங்கி மொறுமொறுப்பு போய்விடும்.

பிளாக்பெர்ரியை வேலியோரத்தில் பறிப்பதானால் இடுப்புக்கு மேலே இருப்பதை மட்டும் பறியுங்கள். கீழே நாய்கள் அசுத்தம் செய்திருக்கும். செப்டம்பர் 29-க்குப் பிறகு சாத்தான் அதில் துப்பிவிடுவான் என்பது அங்கத்திய நம்பிக்கை. ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும் காலம் அது என்பதால், அந்தத் தேதியை மதிப்பது நல்லதுதான்.

கோதுமைத் தாளில், அதாவது காய்ந்த தண்டில், பின்னும் ‘கார்ன் டாலி’ என்ற அறுவடைப் பொம்மை செய்து பார்த்தேன். தாள் ஒடிந்துகொண்டே இருக்கிறது.
– வாசகர், கார்டிஃப்

பெரும்பாலும் தாளிலேயே கோளாறு. இன்றைய குட்டை ரகக் கோதுமை பின்னலுக்கு உதவாது. கூரை வேய வளர்க்கும் மாரிஸ் விட்ஜன் போன்ற நெட்டை ரகம் தேடுங்கள். உள்ளே நல்ல குழலாக இருக்கும். பூக்கடையில் கிடைக்கும் சாயமேற்றிய கதிர் தண்ணீரை உறிஞ்சாது.

கதிருக்குக் கீழே முதல் கணுவுக்கு மேல் வெட்டி, சோகையை உரித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் 30 முதல் 45 நிமிடம் ஊறவையுங்கள். பிறகு ஈரத்துண்டில் சுற்றிக் கால் மணி நேரம். ஒன்றை நசுக்கி மடியுங்கள். விரிசல் விட்டால் இன்னும் ஊற வேண்டும். இரவு முழுக்கப் போட்டுவைத்தால் கருத்துப் பூஞ்சை வாசம் வரும்.

ஐந்து தாள்களைக் கதிருக்கு ஒட்டினாற்போல நூலால் இறுகக் கட்டி, கதிர் கீழே தொங்கப் பிடியுங்கள். தாள்களை நான்கு திசையிலும் மடியுங்கள்; ஒரு திசையில் மட்டும் இரண்டு. அந்த ஜோடியில் பின்னால் இருப்பதை எடுத்து, தன் ஜோடியையும் அடுத்த திசைத் தாளையும் தாண்டி அதன் பக்கத்தில் படுக்கவையுங்கள். இப்போது ஜோடி அங்கே. கால் சுற்று திருப்பி அதையே செய்யுங்கள். தாளைச் சற்று வெளியே தள்ளி வைத்தால் பின்னல் அகலும், உள்ளே தள்ளினால் குறுகும். தாள் தீர்ந்தால் புதியதன் மெல்லிய முனையைப் பழையதன் குழலுக்குள் செருகுங்கள். இணைப்பு மடிப்பில் வந்தால் பிரிந்துவிடும்.

முடித்ததும் காற்றில் தொங்கவிட்டுக் காயவையுங்கள். அறுவடையின் கடைசிக் கதிர்க்கட்டுக்குள் பயிரின் உயிர் தங்குகிறது என்பது நம்பிக்கை. அதனால் டாலியைக் குளிர்காலம் முழுக்க வீட்டில் வைத்திருந்து, வசந்தத்தில் முதல் உழவுச்சாலில் புதைப்பார்கள். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குப் பூந்தொட்டி போதும்.

படையலைப் பூங்காவில் மரத்தடியில் வைக்கலாமா?
– வாசகி, லண்டன்

வேண்டாம். திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களுக்கு நஞ்சு, சாக்லேட்டும் அப்படியே. கிளையில் கட்டும் நைலான் ரிப்பன் மரம் பருக்கும்போது பட்டையை அறுக்கும். மரத்தடியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். உணவை டின்களாகவும் பொட்டலங்களாகவும் உணவு வங்கிக்குக் கொடுங்கள். நன்றி சொல்லும் நாளுக்கு அதைவிடப் பொருத்தமான படையல் இல்லை. வீட்டில் ஜன்னலோரம் வைப்பதானால் முழுப் பழங்களே வையுங்கள். வெட்டிய பழத்துக்கு மறுநாளே பழ ஈ வந்துவிடும். காய்ந்த இலை, கதிர் எதுவும் மெழுகுவத்திக்கு 30 சென்டிமீட்டருக்குள் இருக்கக் கூடாது.

சிட்னியில் செப்டம்பர் என்றால் வசந்தமாயிற்றே?
– வாசகர், ஆஸ்திரேலியா

ஆமாம். அங்கே மேபன் மார்ச் 20 அல்லது 21-இல். தேதியைப் பார்க்காமல் மரத்தைப் பாருங்கள். ஆப்பிள் அப்போதுதான் பழுத்திருக்கும்.