மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்

கேள்வி: பழைய காரை விற்க இணையத்தில் விளம்பரம் கொடுத்தேன். ஒருவர் வண்டியைப் பார்க்காமலேயே சம்மதித்து, நான் கேட்டதைவிடக் கூடுதல் தொகைக்கு வங்கி வரைவோலை அனுப்பியிருக்கிறார். கூடுதலாக உள்ளதை, வண்டியை ஏற்றிச் செல்ல வரும் போக்குவரத்துக்காரருக்கு அனுப்பச் சொல்கிறார். என் கணக்கில் பணம் ஏறிவிட்டது. அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். அந்தப் போக்குவரத்துக்காரருக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள்.

இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம், நான் அனுப்பித் தொலைத்தவன். என் முதல் காரை விற்றபோது வந்தவர் கப்பலில் வேலை செய்வதாகச் சொன்னார். நடுக்கடலில் இருப்பதால் தொலைபேசியில் பேச முடியாதாம், எல்லாம் எழுத்தில்தான். விலையில் பேரம் இல்லை. பின்கதவில் ஒரு நசுங்கல் இருப்பதை நானே வலியச் சொன்னேன். அதனாலென்ன, பார்த்துக்கொள்ளலாம் என்றார். பழைய கார் வாங்க வருகிறவர் டயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும், கிளட்ச் மிதித்து முகம் சுளிக்க வேண்டும். இதில் எதுவும் செய்யாத ஒருவருக்குக் கார் மேல் கண் இல்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

வரைவோலை வந்தது. வங்கியில் போட்டேன். இரண்டு நாளில் இருப்பு உயர்ந்தது. அவர் சொன்ன ஆளுக்குக் கூடுதல் தொகையை அனுப்பினேன். பதினோராம் நாள் வங்கியிலிருந்து அழைத்து, வரைவோலை போலி என்றார்கள். ஏறிய தொகை முழுவதையும் கழித்துக்கொண்டார்கள், அதற்கொரு கட்டணமும் சேர்த்து. நான் அனுப்பியது போனது போனதுதான். கார் மட்டும் வாசலிலேயே நின்றது. அதை எடுத்துப்போக யாரும் வரவேயில்லை, வரும் உத்தேசமும் அவர்களுக்கு இருந்ததில்லை.

வங்கி ஏற்றுக்கொண்ட பிறகு எப்படிப் போலியாகும் என்றுதான் நானும் சண்டை போட்டேன். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்ற என் அக்கா பொறுமையாக விளக்கினார். "தம்பி, காசோலையைப் போட்டதும் கணக்கில் ஏறுவது வங்கி உன்னை நம்பிக் கொடுக்கும் முன்பணம். அதை எழுதிய வங்கி பணத்தைக் கொடுத்தால்தான் அது உன்னுடையது." வாடிக்கையாளரைக் காக்கவைக்கக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் ஒன்றிரண்டு வேலை நாளிலேயே தொகையை எடுக்க விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் குறிப்பிட்ட நாட்களுக்குள் அப்படி விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் அந்தத் தாள், அது யாருடைய பெயரில் இருக்கிறதோ அந்த வங்கிக்குப் போய், அங்கே இது எங்களுடையது இல்லை என்று தெரியவர வாரக்கணக்கில்கூட ஆகலாம். இந்த இடைவெளியில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். மீதியை இன்றே அனுப்பு, ஆள் காத்திருக்கிறார், நாளை லாரி கிளம்புகிறது என்று அவசரப்படுத்துவதும் அதனால்தான்.

வங்கியிடம் கேட்கும்போது, பணம் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது என்றுதான் பதில் வரும், அதில் பொய்யும் இல்லை. "இந்தத் தொகையை இனி யாராவது திரும்ப எடுக்க வழி இருக்கிறதா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருந்தால் இந்தப் பதிலை எழுதும் வேலை எனக்கு இருந்திருக்காது. கணக்கைத் திறந்து நீங்களே பார்ப்பதானாலும், மொத்த இருப்பையும் எடுக்கக்கூடிய இருப்பையும் பிரித்துப் பாருங்கள். தானியங்கி இயந்திரத்தில் போலிக் காசோலையைப் போட்டுவிட்டு, மொத்த இருப்பு உயர்ந்ததைக் காட்டிச் சாவியை வாங்கிப் போனவர்கள் உண்டு. இரண்டாவது எண்ணும் உயர்ந்தால்கூட, நான் மேலே சொன்ன காரணத்தால், காசோலை விஷயத்தில் அது முடிவான சாட்சி ஆகாது.

வரைவோலை என்றால் வங்கியே எழுதியது, திரும்பாது என்ற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. உண்மையான வரைவோலைக்கு அது பொருந்தும். கையில் இருப்பது உண்மையானதா என்பதுதானே கேள்வி? நல்ல அச்சு இயந்திரம் இருந்தால், இருக்கிற வங்கியின் பெயரிலேயே அடித்துவிடலாம். சரிபார்க்கக் கூப்பிடுகிறேன் என்று அந்தத் தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணையே கூப்பிட்டால், மறுமுனையில் அடித்தவனின் கூட்டாளி வங்கி அதிகாரியாகப் பேசுவான். எண்ணை வங்கியின் இணையதளத்திலிருந்து நீங்களே எடுக்க வேண்டும். இன்னும் நல்லது, வாங்குபவரோடு அவருடைய வங்கிக்கே போய், கவுண்டரில் அது எழுதப்படுவதைக் கண்ணால் பார்த்து வாங்குவது. நேர்மையாக வாங்க வந்தவர் இதற்கு மறுக்க மாட்டார். அவருக்கும் உங்கள் மேல் சந்தேகம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்து, பணம் அனுப்பிவிட்டேன் என்று கைப்பேசித் திரையைக் காட்டுபவர்கள். பணம் போனதாகப் பச்சைக் குறி காட்டுவதற்காகவே செய்த போலிச் செயலிகள் இருக்கின்றன. வங்கிப் பெயரில் வரும் குறுஞ்செய்தியையும் நம்பக் கூடாது. அனுப்புநர் பெயரைப் போலியாக்க முடியும், அப்படி வருவது உங்கள் வங்கியின் பழைய உண்மைச் செய்திகளுக்குக் கீழேயே போய் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு வகை, நாளைய தேதியிட்டுப் பரிமாற்றத்தைப் பதிவு செய்துவிட்டு அதற்கான உண்மையான ரசீதையே காட்டுவது. ரசீதில் குற்றம் காண முடியாது, கார் தெருமுனையைத் தாண்டியதும் அதை ரத்து செய்துவிடுவார்கள். எனவே அவர் காட்டுவது எதையும் பார்க்கவே வேண்டாம். உங்கள் கைப்பேசியில், உங்கள் வங்கிச் செயலியை நீங்களே திறந்து பாருங்கள்.

பணம் பெறுவதற்கு உங்கள் ரகசிய எண் தேவையில்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. கேட்டால் அது உங்களிடமிருந்து பணம் போகும் வழி. நீங்கள் நிஜமான ஆள்தானா என்று சோதிக்க ஒரு ஆறிலக்க எண் அனுப்பியிருக்கிறேன், அதைச் சொல்லுங்கள் என்று கேட்பதும் பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப் கணக்கைப் பறிக்கவோ உங்கள் எண்ணில் வேறொரு கணக்கைத் தொடங்கவோதான். கார் பேச்சே அதற்கு ஒரு சாக்கு.

கடன் அட்டை வழியாகப் பணம் கொடுக்கிறேன் என்றால் நான் மறுத்துவிடுவேன். பொதுவாக 120 நாள் வரை அட்டைதாரர் அந்தப் பணத்தைத் தகராறு என்று சொல்லித் திரும்பக் கேட்க முடியும். நான்கு மாதம் கழித்து அந்தக் கார் எந்த நிறத்தில் எங்கே ஓடுகிறதோ!

இவையெல்லாம் ஓரளவு பேசப்படுபவை. பலர் அறியாத ஒன்று இருக்கிறது, என் இரண்டாவது காரை விற்றபோது அதன் வாலைப் பார்த்தேன். ஒருவர் தொலைபேசியில் விலை பேசி முடித்தார், நான் கேட்ட தொகைக்கே. வண்டியைப் பார்க்கத் தன் பங்காளி வருவார், அவரிடம் மட்டும் விலையைப் பற்றிப் பேச வேண்டாம், எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது என்றார். மறுநாள் ஒருவர் வந்தார். நிஜமாகவே கார் வாங்க வந்தவர், குனிந்து கீழே எண்ணெய்க் கசிவு பார்த்தார். போகிறபோது, "உங்கள் மைத்துனர் கணக்கு எண் கொடுத்திருக்கிறார், அதில் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டார். எனக்கு மைத்துனரே கிடையாது. இருவரும் உட்கார்ந்து கைப்பேசிகளை எடுத்துப் பேசியபோதுதான் விளங்கியது. தொலைபேசியில் பேசிய ஆசாமி என் விளம்பரத்தின் படங்களை அப்படியே எடுத்து, பாதி விலைக்கு வேறு இடத்தில் விளம்பரம் செய்திருக்கிறான். அதைப் பார்த்து வந்தவரிடம், கார் தன் மைத்துனருடையது, அவரிடம் விலை பேசாதீர்கள் என்று சொல்லியிருக்கிறான். கார் உண்மை, விற்பவர் உண்மை, வாங்குபவர் உண்மை. பணம் மட்டும் மூன்றாவது ஆளுக்குப் போக வேண்டியது. போயிருந்தால், பணம் கொடுத்தேன் சாவியைக் கொடு என்று அவரும், வரவில்லை தரமாட்டேன் என்று நானும் என் வாசலில் கட்டிப் புரண்டிருப்போம். பிரேசிலில் இது மிகவும் பரவி, இடைத்தரகர் மோசடி என்று தனிப்பெயரே பெற்றுவிட்டது.

இதற்கு மருந்து சுலபம். வண்டியைப் பார்க்க யார் வந்தாலும், விலையை அவரிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். பேசக் கூடாது என்று யாராவது தடுத்தால் முதல் வேலையாகப் பேசுங்கள். பணம் அனுப்புபவர், காரைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்பவர், நேரில் வந்து நிற்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். வேறு யாரோ ஒருவர் கணக்கிலிருந்து பணம் வந்தால், அது திருட்டுக் கணக்காக இருந்து, பின்னால் உங்கள் கணக்கை முடக்கிவைக்கவும் வாய்ப்புண்டு.

காரையோ பணத்தையோ தொடாமல் உங்கள் அட்டை எண்ணுக்குக் குறிவைப்பவர்களும் உண்டு. வண்டியின் கடந்தகால அறிக்கை வேண்டும், இந்தத் தளத்திலிருந்துதான் வேண்டும் என்று ஒரு முகவரி தருவார்கள். எழுத்தும் இலக்கமும் கலந்து 17 குறிகள் கொண்ட வண்டியின் அடையாள எண்ணை இட்டு, சிறிய கட்டணம் செலுத்தினால் அறிக்கை வரும். செலுத்தியபின் வாங்குபவர் மாயம். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2018இல் இதைப் பற்றி எச்சரித்தபோது ஒரு வேடிக்கையையும் சொன்னது. இந்தத் தளங்களில் பலவற்றின் முகவரி புள்ளி விஐஎன் என்று முடிகிறதாம். வண்டி அடையாள எண்ணின் ஆங்கிலச் சுருக்கமும் அதே மூன்றெழுத்து என்பதால் நம்பத் தோன்றும். ஆனால் அந்த முடிவு ஒதுக்கப்பட்டது திராட்சை மது தொடர்பான தளங்களுக்கு, பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மது என்று பொருள். அறிக்கை கேட்டால் நீங்கள் அறிந்த தளத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள். வண்டி கைமாறும்வரை பணத்தை நடுவில் நின்று வைத்திருக்கும் நிறுவனம் என்று வாங்குபவரே ஒன்றைப் பிடிவாதமாகச் சொன்னாலும் இதே கதைதான்.

ரொக்கம் பழையது, நல்லது. கள்ள நோட்டு பயம் இருப்பதால் வீட்டில் எண்ண வேண்டாம். உங்கள் வங்கிக் கவுண்டரில் அவர் கொடுக்க, காசாளர் எண்ணி உங்கள் கணக்கில் போடட்டும். அதிலும் வெள்ளிக்கிழமை மாலை, விடுமுறைக்கு முன்தினம், வங்கி மூடிய பிறகு என்று நேரம் குறிப்பவர்களை நான் திங்கட்கிழமை காலைக்குத் தள்ளிவிடுவேன். உண்மையான ஆள் திங்களன்று வருவார்.

என் இரண்டாவது கார் அப்படித்தான் போனது, அதே எண்ணெய்க் கசிவு பார்த்தவருக்கு. கசிவைச் சொல்லிச் சொல்லியே விலையைக் குறைத்தார், அரை மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். இருவரும் வங்கிக்குப் போனோம். பணம் அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்கு மாறி, இனி திரும்ப எடுக்க முடியாது என்று அதிகாரி சொன்ன பிறகே உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டேன். அதுவரை மாற்றுச் சாவியும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. வெற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள். பதிவுச் சான்றிதழின் படத்தையும் விளம்பரத்தில் போடாதீர்கள், உங்கள் பெயரில் இன்னொரு போலி விளம்பரம் முளைக்க அதுவே போதும்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கில் ஏறியிருக்கும் அந்தத் தொகையைத் தொடாதீர்கள். காலையில் வங்கிக்கு நேரில் போய், இது மோசடியாக இருக்கலாம் என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள், அவர்கள் கண்டுபிடித்த பிறகு சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வரைவோலை வந்த உறை, அவர் எழுதிய செய்திகள் எதையும் அழிக்காதீர்கள், காவல் துறையில் புகார் கொடுக்க அவை வேண்டும். ஒருவேளை மீதியில் ஏதாவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் காலைவரை காத்திருக்காமல் இப்போதே வங்கியின் உதவி எண்ணை அழைத்து நிறுத்தச் சொல்லுங்கள், சில மணி நேரத்துக்குள் சொன்னால் பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. அந்த மனிதர் மறுபடி அவசரப்படுத்தினால், "கூடுதலாக அனுப்பிவிட்டீர்கள், இந்த வரைவோலையை உங்கள் வங்கியில் ரத்து செய்துவிட்டு, சரியான தொகையோடு நேரில் வாருங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். எனக்குத் தெரிந்து அதற்குப் பதில் எழுதியவர் யாரும் இல்லை.