வீட்டு இன்ஷூரன்ஸில் துப்பாக்கிகள்: தீ விபத்து வேறு கணக்கு, திருட்டு வேறு கணக்கு

கேள்வி: ஹூஸ்டன் அருகே கேட்டியில் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான் அமெரிக்கக் குடிமகன். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததில் இப்போது 14 துப்பாக்கிகள் இருக்கின்றன. மொத்தம் 31,000 டாலர் பெறும். அதில் பழைய கோல்ட் பைத்தான் ரிவால்வர், 1964-க்கு முந்தைய வின்செஸ்டர் மாடல் 70 ரைபிள், ஒரு எம்1 கேரண்ட் ரைபிள் ஆகியவை உண்டு. சைலன்சர் ஒன்று டிரஸ்ட் பெயரில் இருக்கிறது. வீடு 4,80,000 டாலருக்கு இன்ஷூர் ஆகியிருக்கிறது. டிடக்டிபிள், அதாவது கிளெய்மில் நாங்களே ஏற்க வேண்டிய பங்கு, 2,000 டாலர். "வீட்டில் உள்ள எல்லாமே கவர் ஆகும்" என்கிறார் ஏஜென்ட். ஆனால் நண்பர் வீட்டில் 12,000 டாலர் பெறுமான துப்பாக்கிகள் திருடு போய், அவருக்கு வந்த செக் 1,500 டாலர்! எது உண்மை? தனியாக எழுதிக் கொடுத்தால் சீரியல் நம்பர்கள் அரசாங்கத்துக்குப் போய்விடுமா? எச்-1பி விசாவில் எங்களோடு தங்கியிருக்கும் என் மனைவியின் தம்பி அவ்வப்போது இவற்றைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு எடுத்துப் போவார். அதனால் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: ஏஜென்ட் சொன்னதும் உண்மை, நண்பருக்கு வந்த செக்கும் கணக்குப்படி சரி. அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் எச்ஓ-3 என்ற வீட்டு பாலிசியில் வீட்டுச் சாமான்களுக்கான பகுதியை கவரேஜ் சி என்பார்கள். வழக்கமாக அது வீட்டுக்கான தொகையில் பாதி. உங்களுக்கு 2,40,000 டாலர். நாளைக்கே வீடு தீப்பிடித்து 14 துப்பாக்கிகளும் போனால், சோஃபா, டிவியோடு சேர்த்து அவற்றையும் இந்தத் தொகைக்குள் கேட்கலாம். தனி உச்சவரம்பு கிடையாது.

திருட்டு என்றால் கதை வேறு. அதே பாலிசியில் 'ஸ்பெஷல் லிமிட்ஸ் ஆஃப் லையபிலிட்டி' என்று ஒரு பட்டியல் இருக்கும். பணம், நகை, வெள்ளிச் சாமான் வரிசையில் துப்பாக்கியும் அதன் துணைச் சாமான்களும் வரும். பரவலாகக் காணப்படும் வாசகப்படி, திருட்டுக்கு 2,500 டாலர். ஒரு துப்பாக்கிக்கு இவ்வளவு என்று அர்த்தம் இல்லை. ஒரு சம்பவத்தில் போன எல்லாவற்றுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். ஸ்கோப், தோட்டா போன்றவையும் இதற்குள்ளேதான் அடங்கும்.

அப்புறம் டிடக்டிபிள். பல பாலிசிகளில் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையிலிருந்துதான் அதைக் கழிப்பார்கள். நண்பரின் டிடக்டிபிள் 1,000 டாலராக இருந்திருக்கும். 2,500-இல் அது போக 1,500. உங்கள் வீட்டில் துப்பாக்கிகள் மட்டும் திருடு போனால் 2,000 கழித்து மிஞ்சுவது 500 டாலர். 31,000 டாலர் பொருளுக்கு! டிவி, லேப்டாப் எல்லாம் சேர்ந்து போனால் டிடக்டிபிள் அந்தக் கணக்கில் கரைந்துவிடும், 2,500 முழுதாக வரலாம். அது ஒரு ஆறுதலா என்று கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. டெக்சாஸில் கம்பெனிகள் தங்கள் சொந்த வாசகத்தில் பாலிசி எழுதிக் கொள்ளலாம். சிலருடையதில் தொகை கூடுதலாக இருக்கும். சிலருடையதில் அந்த வரம்பு திருட்டோடு நிற்காமல் எல்லா வகை இழப்புக்கும் பொருந்தும். அதனால் நான் சொல்வதையோ ஏஜென்ட் சொல்வதையோ நம்பி உட்கார வேண்டாம். முழு பாலிசியையும் பிடிஎஃப்பாக வாங்கி அந்தப் பட்டியலைப் படியுங்கள். முன்பக்கத்தில் வரும் டிக்ளரேஷன் தாளில் இது பெரும்பாலும் இருக்காது.

அடுத்தது விலை. அடிப்படை பாலிசி சாமான்களுக்குத் தேய்மானம் கழித்துத்தான் கொடுக்கும். புது விலை கிடைக்க 'ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்' இணைப்பு வாங்கியிருப்பீர்கள், நல்லது. ஆனால் அந்த இணைப்பிலேயே, பழமையாலும் வரலாற்றாலும் மதிப்புக் கூடிய சேகரிப்புப் பொருட்களுக்கு அது செல்லாது என்று ஒரு வரி இருப்பது வழக்கம். உங்கள் மூன்று பழைய துப்பாக்கிகளும் அங்கேதான் மாட்டும். கோல்ட் கம்பெனி பைத்தான் மாடலை 1955-இல் கொண்டுவந்தது; பிறகு நிறுத்திவிட்டு, 2020-இல் புது வடிவில் மறுபடி இறக்கியது. அப்போது அதன் விலை 1,499 டாலர். உங்கள் கிளெய்மைப் பார்க்கும் அட்ஜஸ்டர் கம்ப்யூட்டரில் 'கோல்ட் பைத்தான்' என்று தட்டினால் வருவது புது மாடலின் விலைதான். நல்ல நிலையில் இருக்கும் பழைய பைத்தான் அதைவிடக் கூடுதலாகப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாடல் 70 விஷயமும் அப்படியே. 1964-இல் வின்செஸ்டர் செய்த மாற்றத்துக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்பதில்தான் அதன் விலையே இருக்கிறது.

இதற்கு வழி, மதிப்புள்ளவற்றைத் தனியாக ஷெட்யூல் செய்வது. அதாவது ஒவ்வொரு துப்பாக்கியையும் விவரத்தோடும் தொகையோடும் எழுதி, வீட்டு பாலிசியில் ஒரு இணைப்பாகவோ தனி பாலிசியாகவோ சேர்ப்பது. 2,500 வரம்பு இவற்றுக்குப் பொருந்தாது. டிடக்டிபிள் பெரும்பாலும் இருக்காது. கை தவறிக் காணாமல் போனது, கீழே விழுந்து உடைந்தது போன்றவையும் பொதுவாக உள்ளே வரும். ஏஜென்ட்டிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: எழுதிய தொகையை அப்படியே தருவார்களா, அல்லது அது உச்சவரம்பு மட்டும்தானா, இழப்பு நேர்ந்த பிறகு மதிப்பைத் திரும்பக் கணக்கிடுவார்களா? முதலாவதை 'அக்ரீட் வேல்யூ' என்பார்கள். சேகரிப்பாளருக்கு அதுதான் வேண்டும். பிரீமியம் சற்றுக் கூடினாலும் நான் அதையே சொல்வேன்.

14-ஐயும் ஷெட்யூல் செய்ய வேண்டியதில்லை. கடையில் இன்றைக்கும் கிடைக்கிற 500 டாலர் கைத்துப்பாக்கியை அடிப்படை பாலிசியிலேயே விட்டுவிடலாம். பைத்தான், மாடல் 70, கேரண்ட், சைலன்சர், இவற்றோடு ஆயிரம் டாலருக்கு மேல் போகும் மற்றவை என்று எடுத்துக் கொள்ளுங்கள். பழையவற்றுக்கு ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். வருடம், பூச்சு, அசல் பெட்டி உண்டா, எந்தப் பாகமாவது மாற்றப்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்; இவற்றின் விலை மாறிக்கொண்டே இருக்கும்.

ஹூஸ்டன்காரர் என்பதால் இதையும் சேர்க்கிறேன். வெள்ளத்தை வீட்டு பாலிசி கவர் செய்யாது. ஹார்வி புயலில், 2017-இல், இதைப் பலர் பட்டுத் தெரிந்து கொண்டார்கள். மத்திய அரசின் வெள்ள இன்ஷூரன்ஸ் சாமான்களுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம் டாலர் தரும். அதிலும் சேகரிப்புப் பொருட்களுக்கு 2,500 டாலர் என்று ஒரு வரம்பு உண்டு. ஷெட்யூல் செய்தவற்றுக்கு வெள்ளமும் சேருமா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்கி வையுங்கள். பல கம்பெனிகளில் சேரும். ஆனால் ஈரக்காற்றில் மெல்ல மெல்லப் பிடிக்கும் துரு எந்த பாலிசியிலும் சேராது. சேஃபுக்குள் ஈரம் உறிஞ்சும் கருவி வைப்பது உங்கள் பொறுப்பு.

சீரியல் நம்பர் பயம் பற்றி. சைலன்சர் போன்ற சில தனி வகைகள் தவிர, தனியார் துப்பாக்கி உரிமையாளர்களுக்கு மத்திய அளவில் பதிவேடு அமைப்பதை 1986-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. டெக்சாஸிலும் அப்படிப் பதிவேடு இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கோப்பு தனியார் ஆவணம். அதை யாரும் தானாக அரசுக்கு அனுப்புவதில்லை. கோர்ட் சம்மன் வந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது உங்கள் பாங்க் கணக்குக்கும் பொருந்தும். எனக்கென்னவோ நம்பர் இல்லாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது. திருடு போனதைப் போலீஸ் தேசிய குற்றத் தகவல் தளத்தில் ஏற்றுவது சீரியல் நம்பரை வைத்துத்தான். அது இல்லாவிட்டால் கிளெய்மும் தள்ளாடும், பொருளும் திரும்பாது. துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் அமைப்பே இதற்காக 'பர்சனல் ஃபயர்ஆர்ம்ஸ் ரெக்கார்ட்' என்று ஒரு படிவம் வெளியிட்டிருக்கிறது. அதை நிரப்பி நீங்களே வைத்துக் கொள்ளலாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம். போட்டோக்களோடு ஒரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பட்டியலை சேஃபுக்குள்ளேயே வைத்து, சேஃபோடு சேர்த்துப் பறிகொடுப்பவர்களும் உண்டு.

சைலன்சர் டிரஸ்ட் பெயரில் இருப்பதால் ஒரு சின்னச் சிக்கல். பாலிசி உங்கள் பெயரில், பொருளின் சொந்தக்காரர் டிரஸ்ட். "உரிமையாளராக இருக்கும் அல்லது பயன்படுத்தும் பொருள்" என்று பல பாலிசிகளில் எழுதியிருப்பதால் வாதாட இடம் உண்டு. ஆனால் வாதாடும் நிலைக்கே ஏன் போக வேண்டும்? டிரஸ்ட் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்; ஒப்புதல் ஆன ஏடிஎஃப் படிவத்தின் நகலைக் கைவசம் வையுங்கள். 2026 ஜனவரி முதல் சைலன்சருக்கான 200 டாலர் வரி போய்விட்டது, பதிவு போகவில்லை.

ஒருவேளை திருட்டு நடந்தால் உடனே போலீஸ் ரிப்போர்ட், அன்றைக்கே கம்பெனிக்கு எழுத்தில் தகவல். டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் சட்டம் 542-ஆம் அத்தியாயப்படி, தகவல் கிடைத்த 15 நாளுக்குள் அவர்கள் அதை ஒப்புக்கொண்டு விசாரணை தொடங்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் வந்து சேர்ந்த 15 வேலை நாளுக்குள் ஏற்பா மறுப்பா என்று சொல்ல வேண்டும். கொடுப்போம் என்று சொன்னால் 5 வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் திருட்டு கிளெய்மில் வருடத்துக்கு 18 சதவீத வட்டியும் வக்கீல் கட்டணமும் கேட்கலாம். 542 என்ற இந்த அத்தியாய எண்ணைக் கடிதத்தில் குறிப்பிட்டாலே பல கோப்புகள் நகரத் தொடங்கும்.

கடைசியாக உங்கள் மைத்துனர் விஷயம். இன்ஷூரன்ஸை விடுங்கள், இது ஜெயில் சம்பந்தப்பட்டது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதை மத்திய சட்டம் தடை செய்கிறது. ரேஞ்சில் ஒரு மணி நேரம் சுடுவதும் இதில் அடக்கம். தெரிந்தே கொடுப்பவர் மீதும் வழக்கு வரும். இரண்டுக்கும் தண்டனை 15 வருடம் வரை. கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. எச்-1பிக்காரருக்கு முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்காவில் முறையாக வாங்கிய, நடப்பிலுள்ள வேட்டை லைசென்ஸ். டெக்சாஸில் அது ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு காலாவதி ஆகிவிடும். வேலை போய், 60 நாள் வரையிலான அவகாசமும் முடிந்து, சட்டப்படி தங்கும் ஸ்டேட்டஸ் இல்லாமல் இங்கே தங்கினால் அந்த லைசென்ஸும் காப்பாற்றாது. 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹாஃப் வழக்கு இப்படித்தான் தொடங்கியது. மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் தங்கியிருந்த ஒருவர் ஃபுளோரிடாவில் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், அவ்வளவுதான். தனக்கு ஸ்டேட்டஸ் இல்லை என்று அவருக்குத் தெரியும் என்பதையும் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. அந்த வாதம் எச்-1பியில் இருப்பவருக்கு எவ்வளவு தூரம் உதவும்? தன் விசா என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியுமே.

இன்ஷூரன்ஸ் கோணத்திலும் இது நல்லதல்ல. உறவினராக உங்கள் வீட்டில் வசிப்பதால் பாலிசியின் பார்வையில் அவரும் இன்ஷூர் செய்யப்பட்டவர்தான். அவர் எடுத்துப் போய்ப் பொருள் காணாமல் போனால் அது திருட்டா என்று கேள்வி வரும். இன்ஷூர் செய்யப்பட்டவரே எடுத்தால் திருட்டு கவரேஜ் கிடையாது. அவர் கையில் விபத்து நடந்தால், குற்றச் செயல் என்ற விலக்கைக் காட்டி கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும்.

ஆகவே இன்றைக்கே சேஃபின் நம்பரை மாற்றுங்கள். நம்பர் தெரிந்திருப்பதையே துப்பாக்கி அவர் வசம் இருப்பதாக அரசு வக்கீல் வாதிடலாம். அவர் வேட்டை லைசென்ஸ் வாங்கட்டும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவராக இருந்தால் வேட்டைப் பயிற்சி வகுப்பும் முடிக்க வேண்டியிருக்கும். இதுவரை ரேஞ்சுக்குப் போனதைப் பற்றி யாரிடமும் எழுத்தில் எதுவும் சொல்வதற்கு முன், அவர் தனக்கென்று ஒரு கிரிமினல் வக்கீலையும் ஒரு இமிக்ரேஷன் வக்கீலையும் பார்ப்பது நல்லது. அந்த ஆலோசனைக்கு நீங்கள் கூடப் போய் உட்கார வேண்டாம். அவருடைய நலனும் உங்களுடைய நலனும் இதில் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.