வாய் திறக்காமல் ஒரு வரிசை

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. பேசாமல் கருத்தைத் தெரிவிக்கவும், பிறருடைய உடல்மொழியைக் கவனிக்கவும் என் மாணவர்கள் 30 பேரையும் பழக்கும் குழு விளையாட்டு ஒன்றைச் சொல்வீர்களா? நாம் தெரிவிப்பதில் 93 விழுக்காடு சொற்கள் இல்லாமலேயே போய்ச் சேர்கிறது என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன், அது சரிதானா?
– ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பிறந்தநாள் வரிசை விளையாட்டை நடத்திப் பாருங்கள். மேசைகளை ஓரமாக ஒதுக்கினால் போதும். கதவுப் பக்கம் ஜனவரி, சன்னல் பக்கம் டிசம்பர் என்று சொல்லிவிட்டு, பேசாமலும் உதட்டை அசைக்காமலும் எழுதிக் காட்டாமலும், பிறந்த மாதம், தேதிப்படி பத்து நிமிடத்துக்குள் வரிசையாக நிற்கச் சொல்லுங்கள். சைகைகளை நீங்கள் முன்கூட்டியே வகுத்துக் கொடுத்துவிடக் கூடாது. எதிரில் இருப்பவருக்குப் புரியும் குறியைப் பிள்ளைகள் தாங்களே தேடிக் கண்டடைவதில்தான் இதன் உயிர் இருக்கிறது.

ஒரு சிறுமி மூன்று விரல்களைக் காட்டிவிட்டு, இரு கைகளையும் விரித்து, பிறகு இரண்டு விரல்களைக் காட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் சொல்ல வந்தது மார்ச் 12. தேதியை முதலில் சொல்லிப் பழகிய மாணவனோ அதை டிசம்பர் 3 என்று எடுத்துக்கொண்டு, அவளைச் சன்னல் பக்கம் போகச் சொல்வான். அவள் தலையசைத்து மறுத்து, கதவைச் சுட்டிக்காட்டி, மறுபடியும் மூன்று விரல்களை உயர்த்தும்போதுதான் அவனுக்கு விளங்கும். இப்படிப்பட்ட இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம் தேதியைச் சொல்ல, இடம் மாறி நிற்பவர்களைத் திருத்துவதோடு நிறுத்திவிடாமல், "நீ எதைக் காட்டினாய், நீ எதைப் புரிந்துகொண்டாய்?" என்று இருவரிடமும் கேளுங்கள். விளையாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தைவிட இந்த உரையாடலுக்கு அதிக நேரம் ஒதுக்குவது நல்லது.

93 விழுக்காடு என்பது, உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து எடுத்த கணக்கு: சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. விருப்பு வெறுப்பை வெளியிடும்போது சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புகிறார் என்பதற்கு மட்டுமே அது பொருந்தும்; எல்லாப் பேச்சுக்கும் அதை நீட்டுவது தவறு. ஒரு தேதியைச் சொல்ல உங்கள் மாணவர்கள் படும் பாட்டிலேயே சொல்லின் அருமை தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள். இதை 'ஊமை விளையாட்டு' என்று தயவுசெய்து அழைக்க வேண்டாம். அந்தச் சொல் புண்படுத்துவது மட்டுமன்று, தவறான எண்ணத்தையும் விதைக்கிறது. இந்தியச் சைகை மொழி தனக்கென இலக்கணமும் சொல்வளமும் கொண்ட முழுமையான மொழி, அந்த நேரத்துக்குத் தோன்றும் கையசைவுகளின் தொகுப்பு அன்று. செவித்திறன் குறைந்த குழந்தை உங்கள் வகுப்பில் இருந்தால், தேதிகளைச் சரிபார்க்கும்போது அனைவரும் விரல்களாலும் காட்டட்டும். அந்தக் குழந்தை சைகை மொழி அறிந்து, விருப்பமும் தெரிவித்தால், பன்னிரண்டு மாதங்களையும் அதில் எப்படிச் சொல்வதென்று மற்றவர்களுக்குக் கற்றுத்தரட்டும்.